தண்ணியில கண்டம் யாருக்கு?

மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். ஜூன் மாத மாலை. ஆம்ஸ்டல்வீனில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. நெதர்லாந்தில் இப்படி ஒரு வாய்க்கால் இல்லாத பகுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெயில் காலம் வந்தால் கடுகளவு இலைகளோடு பச்சைப் பாசி படர்ந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தண்ணீரை மூடிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் அப்போதுதான் வெட்டிவிட்ட புல்தரை மாதிரி இருக்கும்.

பந்து உருண்டு அந்தப் பச்சைக்குள் போய் நின்றது. அவள் பின்னாலேயே போனாள். நான் ஐந்தாறு அடி தள்ளி, ஆபீஸ் மெசேஜ் ஒன்றுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மகள் இல்லை. பாசியில் ஒரு கறுப்பு ஓட்டை மட்டும் இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. சினிமாவில் காட்டுவதுபோல் கையை ஆட்டுவதும், ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதும் நிஜத்தில் பெரும்பாலும் நடக்காது. மூழ்குகிற குழந்தை சத்தமே இல்லாமல்தான் மூழ்கும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

இதுவரை யாரிடமும் சரியாகச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் குதிக்கவில்லை. கரையில் நின்றேன். கால் நகரவில்லை. நாயோடு நடந்து வந்த ஒரு டச்சுப் பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், செருப்போடு இறங்கி, மகளின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி என் கையில் கொடுத்தார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் அவருடைய தொடையைக்கூடத் தொடவில்லை.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாய் தண்ணீர் குடித்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அன்று இரவிலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றவிடவில்லை. ஷவர் சத்தம் கேட்டாலே கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுவாள். தலைக்குக் குளிப்பாட்டுவது எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை நடக்கும் போர் ஆகிவிட்டது. முகம் கழுவக்கூட ஈரத்துணிதான்.

ஊரில் அம்மாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, “உனக்கு இருந்தது பாப்பாவுக்கும் வந்திருக்குது பாரு கண்ணு. தண்ணிப் பக்கமே விடாத” என்றார்.

‘உனக்கு இருந்தது’ என்று அம்மா சொன்னது என் ஜாதகத்தில் இருந்த கண்டம்.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிணறு என்றால் என்னவென்று தெரியும். எங்கள் தோட்டத்துக் கிணறு மேலிருந்து பார்த்தால் ஒரு சின்ன வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போல இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் எல்லாம் அதில்தான் நீச்சல் பழகினார்கள். முந்தின தலைமுறை முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டது. எங்கள் காலத்தில் காலி எண்ணெய் கேன், வசதி இருந்தால் லாரி ட்யூப். கேன் கட்டி பத்து நாள், பிறகு கேன் இல்லாமல். அதற்கும் பயந்தவனுக்கு ஒரே ஒரு வைத்தியம்: யாராவது பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். “உழுந்தா தானா நீந்துவான்” என்பது சித்தாந்தம்.

எனக்கு எட்டு வயதில் அந்த வைத்தியம் பார்க்கப்பட்டது. பார்த்தது மாமா பையன். நான் தானாக நீந்தவில்லை. தானாக மூழ்கினேன். தலைமுடியைப் பிடித்து இழுத்து, படியில் கிடத்தி, வயிற்றை அமுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். ‘பன்னெண்டு வயசு வரைக்கும் பையனுக்குத் தண்ணியில கண்டம்’ என்றாராம். கிணற்று மேட்டுக்கே போகக் கூடாது என்று உத்தரவு. காவிரிக்கு எல்லோரும் குளிக்கப் போனால், நான் படித்துறையில் செருப்புக்குக் காவல்.

பன்னிரண்டு வயதும் வந்தது, போனது. கண்டம் முடிந்துவிட்டது என்று யாரும் எனக்கு அறிவிக்கவில்லை. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்து, இங்கே வந்து ஏழு வருடம். கண்டமும் என்னோடு விசா எடுத்துக்கொண்டு வந்திருந்தது.

வந்த ஊரும் அப்படி. இந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. நாம் சென்னையிலிருந்து வந்து இறங்குகிற ஸ்கிபோல் விமான நிலையமே ஒரு காலத்தில் ஏரியின் அடி. 1852-ல் தண்ணீரை இறைத்து முடித்து நிலமாக்கினார்கள். ஓடுபாதை இன்றைக்கும் கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழேதான். 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கிக் கரைகளை உடைத்ததில் இந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். தண்ணீரில் கண்டம் என்று ஒரு தேசத்துக்கே ஜாதகம் எழுதலாம் என்றால் அது இந்தத் தேசத்துக்குத்தான்.

ஆனால் இவர்கள் பிள்ளைகளைக் கரையில் செருப்புக்குக் காவல் வைப்பதில்லை. நாலரை, ஐந்து வயதில் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஏ, பி, சி என்று மூன்று டிப்ளமா. மூன்றையும் முடித்தால்தான் ‘தண்ணீரில் பாதுகாப்பாக இருப்பான்’ என்று கணக்கு. அந்தத் தேர்வைக் கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு புரிந்தது. பிள்ளைகள் நீச்சல் உடையில் மட்டுமல்ல, சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டும் நீந்திக் காட்ட வேண்டும். வாய்க்காலில் விழுகிறவன் நீச்சல் உடை மாற்றிக்கொண்டா விழுவான்? அடுத்தது, தண்ணீருக்குள் திரைபோல ஒரு தார்ப்பாய் தொங்கும். அதில் ஓர் ஓட்டை. கண்ணைத் திறந்துகொண்டு தண்ணீருக்கடியிலேயே நீந்தி, அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். ஏ-வுக்கு மூன்று மீட்டர், பி-க்கு ஆறு, சி-க்கு ஒன்பது. ஒலிம்பிக்ஸ் போகிறவனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. விழுந்தவன் வெளியே வருவதற்குத்தான் மொத்தப் பாடத்திட்டமும்.

மகளுக்கு ஐந்து வயது ஆனபோது, காத்திருப்போர் பட்டியலில் பல மாதம் கழித்து, இடம் கிடைத்தது. முதல் வகுப்புக்கே ஒரு அதிர்ச்சி. பெற்றோர் குளத்தின் பக்கம் போகக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் காபி கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று வாரம் உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகள் இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு தவளைக் குஞ்சுகள் மாதிரி குதிக்கிறார்கள். என் மகள் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. முப்பது நிமிடமும் அதே கம்பி. நடுவில் திரும்பித் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் முடிந்ததும் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். இங்கே பிள்ளைகள் டீச்சரை ‘யுஃப்’ என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். யுஃப் சுற்றி வளைக்கவில்லை. டச்சுக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா?”

“தெரியாது.”

“தண்ணீரில் இறங்குவீர்களா?”

பதில் சொல்லவில்லை.

“இவளுக்கு வகுப்பு இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை சின்னக் குளம் எல்லோருக்கும் திறந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், உங்கள் இடுப்பு ஆழம்கூட இல்லை. நீங்களும் அவளும் வாருங்கள். எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சும்மா இருங்கள்.”

காரில் திரும்பும்போது கோபம்தான் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல், அப்பனைக் குறை சொல்கிறாளே என்று. வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். “அவங்க சொன்னதுல என்னங்க தப்பு?”

குளியலறையில் தொடங்கியது

குளத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு மாற்றம் செய்தோம். இது மனைவியின் யோசனை. இத்தனை நாள் மகள் தலையில் தண்ணீர் ஊற்றியது நாங்கள். எப்போது வரும், எவ்வளவு வரும், எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அழ அழ மூச்சுத் திணறத் தண்ணீர் ஊற்றி, ‘அவ்ளோதான் அவ்ளோதான்’ என்று சொல்லிக்கொண்டே இன்னும் நான்கு சொம்பு ஊற்றுவோம். ‘அவ்ளோதான்’ என்ற வார்த்தையை நம் பிள்ளைகள் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது.

மக்கை அவள் கையிலேயே கொடுத்துவிட்டோம். முதல் வாரம் பொம்மை தலையில் ஊற்றினாள். அடுத்த வாரம் என் தலையில். அதில் அவளுக்குப் பெரிய குஷி. சட்டையோடு நனைந்தேன். மூன்றாவது வாரம் தன் தோளில், பிறகு பின்தலையில், கால் மக் மட்டும். முகத்தில் தண்ணீர் வழிந்தபோது அழ ஆரம்பித்தாள். உடனே துண்டைக் கொடுக்காமல், “எத்தனை எண்ணினா போகுதுன்னு பாப்போம்” என்றாள் மனைவி. மூன்று எண்ணுவதற்குள் வழிந்து போயிருந்தது. இந்த ஒரு விஷயத்துக்கே ஒன்றரை மாதம்.

மூக்கில் தண்ணீர் ஏறுவதுதான் பல குழந்தைகளுக்குப் பெரிய பயம். அதற்கு யுஃப் ஒரு வழி சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று பாட்டு முணுமுணுக்க வேண்டும். முணுமுணுக்கும்போது காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே போகும். காற்று வெளியே வருகிற வழியில் தண்ணீர் உள்ளே போகாது. எளிய பௌதிகம். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. பக்கெட்டில் முகத்தை வைத்து நாங்கள் மூன்று பேரும் ‘ம்ம்ம்’ என்று பாடியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவென்று நினைத்தார்களோ.

சின்னக் குளத்துக்கு முதல் ஞாயிறு போனபோது படியில் உட்கார்ந்திருந்ததோடு சரி. கால் மட்டும் தண்ணீரில். ஒரு மணி நேரம். இரண்டாவது ஞாயிறு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு யுஃப் அந்தப் பக்கம் வந்தவர், “யாரோ அவளைப் பிடுங்கிக்கொண்டு போகப்போவது மாதிரி பிடித்திருக்கிறீர்கள். தோளை இறக்குங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே வந்து பார்த்தால் மகளின் முழங்கைக்கு மேலே என் நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அன்றுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தண்ணீர் ஆபத்தா இல்லையா என்று தானாகத் தெரியாது. தன்னைப் பிடித்திருக்கிற கையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். வாயால் ‘பயப்படாதே தங்கம்’ என்று சொல்லிக்கொண்டு, கையால் வேறு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சர்வர் முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் நாமே எழுதிய வரியில் தப்பைக் கண்டுபிடிக்கும்போது வருகிற அந்த அசட்டுத்தனம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

ஒரு தப்பு செய்தேன். எந்த அப்பாவும் செய்கிற தப்புதான். ஐந்தாவது ஞாயிறு, அவள் படியிலிருந்து என்னிடம் இரண்டடி தாவி வரச் சம்மதித்தாள். அவள் தாவியதும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். கூடக் கொஞ்சம் நீந்தட்டுமே என்ற ஆசை. பிடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அப்பா, நீ நகந்த.” அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த மூன்று ஞாயிறு படியை விட்டு இறங்கவில்லை. என்னைத் தள்ளிவிட்ட மாமா பையனுக்கும் எனக்கும் அளவில்தான் வித்தியாசம். அதன் பிறகு ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். மூன்று எண்ணுவேன் என்றால் மூன்று. பிடித்துக்கொள்வேன் என்றால் பிடித்துக்கொள்வேன். ‘போதும்’ என்று அவள் சொன்னால், அடுத்த நொடி வெளியே.

தலையை முழுதாகத் தண்ணீருக்குள் விடுவதுதான் கடைசித் தடை. பக்கெட்டில் செய்கிறவள் குளத்தில் மாட்டேன் என்றாள். ஒருநாள் நான் வழக்கம்போல் ‘ஒண்ணுமே இல்லம்மா, ஈஸி’ என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். “அப்போ நீ பண்ணு” என்றாள்.

அதுவரை நான் அந்தக் குளத்தில் ஒருமுறைகூடத் தலையை நனைக்கவில்லை. அதை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

முப்பத்தைந்து வயது. இடுப்பளவு வராத, முப்பது டிகிரிக்கு மேல் சூடாக்கிய, அடித்தளம் தெரிகிற தண்ணீர். சுற்றிலும் கைக்குழந்தைகள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கிணற்றுப் பாசியின் வாசனைகூட வந்தது, குளோரின் குளத்தில். குனிந்தேன், முடியவில்லை, நிமிர்ந்தேன். இரண்டாவது முறையும் அதேதான். மகள் என் இரண்டு கட்டை விரல்களையும் பிடித்துக்கொண்டு, “நான் எண்றேன்ப்பா. ஒண்ணு… ரெண்டு… மூணு” என்றாள்.

போனேன். இரண்டு நொடி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, ‘ம்ம்ம்’ என்று. வெளியே வந்தபோது இருமினேன், மூக்கு எரிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீ பாட்ட நிறுத்திட்ட, அதான்” என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பிறகு, எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுவதற்காக அவள் போனாள்.

பயம் போன பிறகு

இங்கேதான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. பயம் போனதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அதற்கு அடுத்த சில மாதம்தான் மிக ஆபத்தான காலம். தண்ணீருக்குப் பயந்த குழந்தை தண்ணீர்ப் பக்கம் போகாது. பயம் போய், நீச்சல் இன்னும் வராத குழந்தை நேராகப் போய் இறங்கிவிடும். அந்தக் கோடையில் ஏரிக்கரைக்குப் போனபோது, நான் காரிலிருந்து பையை எடுப்பதற்குள் அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு “அப்பா வா” என்கிறாள். இன்னும் நான்கு எட்டு வைத்தால் அடி சட்டென்று இறங்குகிற இடம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி: தண்ணீர் இருக்கிற இடத்தில் என் கைக்கெட்டும் தூரத்தில் அவள், என் போன் பையில். கையில் மாட்டும் காற்றுப்பைகளை நம்புவதில்லை. அவை கழன்றுவிடும், காற்றும் இறங்கும். அவை விளையாட்டுச் சாமான்தான், பாதுகாப்புச் சாதனம் இல்லை. பெரியவர்கள் பத்துப் பேர் கூடியிருக்கிற இடம் இன்னும் மோசம். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்போம். பொங்கல் விழாவோ பிறந்தநாளோ, குளம் பக்கத்தில் இருந்தால், ‘இந்த அரை மணி நேரம் நான்’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொள்வது நல்லது.

பிறகு அவளை மறுபடி வகுப்பில் சேர்த்தோம். யுஃப் முதலில் சொல்லிக்கொடுத்தது நீந்த அல்ல, மிதக்க. நெஞ்சு நிறைய மூச்சு இருந்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரில் மிதக்கவே செய்யும். காதுகள் நனைகிற வரை தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். பயந்தவன் செய்வது நேர் எதிர். தலையைத் தூக்குவான், கால் கீழே இழுக்கும், உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும், மூழ்குவான். அன்று கிணற்றில் நான் செய்தது அதுதான் என்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டே புரிந்துகொண்டேன். ஜாதகம் பாவம், அதன் மேல் தப்பில்லை.

நம்மவர்களிடம் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் உரிமையோடு சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் நீச்சல் என்பது பரதம், கீபோர்டு, செஸ், அபாகஸ் வரிசையில் வருகிற இன்னொரு கிளாஸ். சனிக்கிழமை நேரம் இடித்தால் முதலில் வெட்டுவது நீச்சலைத்தான். சளி பிடிக்கும், குளோரினில் முடி கொட்டும் என்று காரணங்கள். பெண் குழந்தை என்றால் ‘கறுத்துடுவா’ என்று ஒன்று கூடுதல். மூடிய கூரைக்குள், வெயிலே வராத நாட்டில், கறுத்துவிடுவாளாம்! அந்த உடையைப் போட விட மாட்டேன் என்று நின்ற ஒரு தாத்தாவையும் எனக்குத் தெரியும். முழுக்க மூடுகிற நீச்சல் உடை கிடைக்கிறது, பல குளங்களில் அனுமதியும் உண்டு, கேட்டுக்கொள்ளலாம். அபாகஸ் தெரியாமல் யாரும் செத்ததில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க மூன்று லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை. பெரும்பகுதி நம் ஊர் போன்ற நாடுகளில். இந்தியாவில் சமீப வருடங்களில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. ஏப்ரல், மே விடுமுறையில் கல்குவாரிக் குட்டை, மணல் அள்ளிய குழி, ஏரி என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறி அதே செய்தி வருவதை நாமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நீச்சல் தேசமான இங்கேயும் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகம் மூழ்குகிறார்கள் என்பது அரசுப் புள்ளிவிவரமே சொல்கிற விஷயம். முன்பு பள்ளிக்கூடமே எல்லாப் பிள்ளைகளையும் குளத்துக்குக் கூட்டிப்போனது. 1985-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. சில நகராட்சிகள் மட்டும் இன்னும் நடத்துகின்றன. இப்போது அப்பா அம்மா பணம் கட்டி, வாரா வாரம் கூட்டிப்போக வேண்டும். ஏ டிப்ளமா வருவதற்குள் பல நூறு யூரோ கரைந்துவிடுகிறது. பணம் இல்லாத வீடுகளுக்கு நகராட்சி உதவி உண்டு. பணம் இருந்தும் அனுப்பாத வீடுகள் நம்முடையவை. அப்பா அம்மாவுக்கு நீந்தத் தெரியாது, அதனால் அது ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை.

மகளுக்கு ஏ டிப்ளமா தேர்வு வந்தபோது ஆறே முக்கால் வயது. அன்றைக்கு மட்டும் பெற்றோரைக் குளத்தின் ஓரம் விட்டார்கள். டச்சுத் தாத்தா பாட்டிகள் பூங்கொத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே பூப்புனித நீராட்டு விழா ஒன்று உண்டு என்றால் அது இதுதான் என்று மனைவி காதில் சொன்னாள். சட்டை, கால்சட்டை, ஷூவோடு வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் குதித்தார்கள். தார்ப்பாய் ஓட்டைக்கு என் மகள் ஏழாவது ஆள். குதித்தாள், தலை உள்ளே போனது. மேலே தண்ணீரில் எதுவுமில்லை. எனக்கு ஜூன் மாதப் பாசியும் அந்தக் கறுப்பு ஓட்டையும் ஞாபகம் வந்தன. எழுந்து நின்றுவிட்டேன். இந்த முறை கால் நகர்ந்திருந்தது. குளத்தின் விளிம்பிலேயே நின்றிருந்தேன். யுஃப் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். அந்தப் பக்கம் தலை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, பெஞ்சில் எங்களைத் தேடினாள்.

அன்று இரவு அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். மூன்று முறை பார்த்தாராம். “துணியோட எதுக்குடா தள்ளியுடறாங்க?” என்று கேட்டார். விளக்கினேன். “ம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீயும் பழகறயா?” என்றார். பழகுகிறேன் என்றேன். வியாழன் இரவு ஒன்பது மணிக்குப் பெரியவர்கள் வகுப்பு. எங்கள் குழுவில் சிரியா, எரித்திரியா, இந்தோனேசியா, ஆந்திரா எல்லாம் உண்டு. கம்பியை விடுவதற்கு எனக்கு நான்கு வாரம் ஆனது. மகளைவிட ஒரு வாரம் அதிகம்.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தோம். தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர், மோட்டார் ரூம் வரைக்கும் ஏறியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இப்போதும் கேன் கட்டிக்கொண்டுதான் குதிக்கிறார்கள். மகள் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தாள். அம்மா அவள் கவுனின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தார்.

“அப்பத்தா, இதுல படி எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டாள்.

“படி எதுக்கு சாமி உனக்கு?”

“எறங்கறதுக்கு முன்னாடி எங்க ஏறணும்னு பாக்கணும். யுஃப் சொன்னாங்க.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கையை மட்டும் கவுனிலிருந்து எடுத்து, வடக்குப் பக்கம் பாசி படிந்த அந்தக் கல்படியைக் காட்டினார். இன்னொரு கை அப்படியேதான் இருந்தது.